பொறுங்க அண்ணனும் வரப்போகிற கம்ப்யூட்டரும்

அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. நல்ல பெயர்தான். ஆனால் அதைச் சொல்லித் தெருவில் விசாரித்தால் எதிர்வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். 'பொறுங்க அண்ணன் வீடு எது?' என்று கேட்டுப் பாருங்கள். கையோடு கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தி, 'அண்ணே, ஆள் வந்திருக்கு' என்று குரலும் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

தொழில், பல் கட்டுவது. டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவரைப் பார்த்து யாரும் வாயைத் திறந்து காட்ட வேண்டாம். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் சிமெண்ட் போல இறுகுகிற பல் மாவைக் குழைத்து ஊற்றி, மெழுகில் ஈறு வளைத்து, ஒவ்வொரு பல்லாக உட்கார வைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவது இவர் வேலை. நான்கு மேசை போட்ட லேபில் ஜன்னலோர மேசை இவருடையது. அங்கே அவசரம் ஆகவே ஆகாது. மாவு இறுகுவதற்குள் கை வைத்தால் பல் கோணிக்கொள்ளும், கோணின பல்லோடு ஒருத்தர் ஆயுசுக்கும் மென்று தொலைக்க வேண்டும். அதனால் போன் வரும்போதெல்லாம் இவரிடம் ஒரே பதில்தான்: "பொறுங்க டாக்டர், இன்னும் காயல." இருபத்திரண்டு வருஷம் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் கட்டின பல் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குப் பாவம் வந்து சேரும்.

வம்பு எங்கே ஆரம்பித்தது என்றால், லேபை விட்டுக் கிளம்பும்போது மனுஷன் அந்த வார்த்தையை அங்கேயே கழற்றி வைக்கவில்லை. வீடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் பைத்தியம். கடையில் இருக்கிற கம்ப்யூட்டர் இல்லை, வரப்போகிற கம்ப்யூட்டர். கடைக்கு வந்துவிட்ட எதையும் நேற்றைய செய்தித்தாளைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். அடுத்து வரும் சில்லுக்கு எத்தனை மூளை, எவ்வளவு சூடாகும், காற்றாடி சத்தம் போடுமா போடாதா, எல்லாம் விரல் நுனியில். போனில் 'வரப்போகுது' என்று ஒரு குழு இருக்கிறது. நானூறு பேர். அந்த நானூறு பேரில் கடந்த ஐந்தாறு வருஷத்தில் எதையாவது வாங்கினவர் என்று ஒருத்தரைக் காட்டுங்கள், என் காதை அறுத்துத் தருகிறேன்.

அவரோடு போகட்டும் என்றால் அதுதான் இல்லை. தெருவே அவரிடம்தான் வந்து கேட்கும். போட்டோ ஸ்டூடியோக்காரர் கேட்டார். "இப்போதா? ஐயையோ, பொறுங்க. மூணு மாசத்துல அடுத்தது வருது." டிரைவிங் ஸ்கூல்காரர் கேட்டார். "அவசரப்பட்டுக் கையைச் சுட்டுக்காதீங்க." ஸ்டூடியோக்காரர் மூன்று மாதம் பொறுத்தார், பிறகு இன்னொரு மூன்று மாதம் பொறுத்தார், அப்புறம் பழக்கமாகிவிட்டது. முக்கு ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் மட்டும் இவர் தலையைக் கண்டாலே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்.

இவருடைய வீட்டில்தான் தெருவிலேயே பழைய கம்ப்யூட்டர் இருந்தது. வயசு பதின்மூன்று.

அதில் வேலை செய்தவர் அவருடைய மனைவி. வீட்டு பிளான் வரைந்து கொடுப்பார், அதனால் பிளான் அக்கா. நாள் பூராவும் அந்தக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியதில் அதற்குப் 'பெரியவர்' என்றே பெயர் வைத்துவிட்டார். காலையில் சுவிட்சைத் தட்டிவிட்டுத் துணி உலர்த்தப் போவார், திரும்பி வந்தால் அது அப்போதுதான் கண்ணைத் திறந்திருக்கும். 'என்னம்மா, வேலை ஆரம்பிச்சாச்சா?' என்று யாராவது போனில் கேட்டால், "இருங்க, பெரியவர் இன்னும் எந்திரிக்கல" என்பார். கோடு போடுவதெல்லாம் பெரியவரால் முடியும். வீட்டுக்குள் நின்று பார்க்கிற மாதிரி வெளிச்சமும் நிழலுமாக ஒரு த்ரீ டி படம் கேட்டால்தான் மூச்சு வாங்கும். காலையில் கொடுத்தால் சாயங்காலம் வரைக்கும் உறுமும், முக்கால்வாசியில் திரை கறுத்துப்போகும். அதனால் த்ரீ டி படம் கேட்கிற வேலைகளை அக்கா வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை விடிவுகாலம் வருகிற மாதிரி இருந்தது. இரண்டு பேரும் முக்கு ரோட்டுக் கடைக்குப் போனார்கள். ஒரு கம்ப்யூட்டரை அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. கடைக்காரர் அதன் பெருமையைச் சொல்லச் சொல்ல, அக்கா அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, முகப்பில் இருந்த நீல ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டார். பாதி ஸ்டிக்கர் உரிந்தபோது நம்மவர் வாயைத் திறந்தார்.

"பொறும்மா. அடுத்த மாசம் இதைவிட டபுள் ஸ்பீடுல ஒண்ணு வருது."

அக்கா கையை எடுத்துக்கொண்டார். அந்த அடுத்த மாதம் வந்து போய் இப்போது முப்பத்தேழு மாதம் ஆகிறது.

இந்த வருஷம் ஊர் நூலகத்தில் குழந்தைகளுக்கென்று புதுசாக ஒரு கட்டடம் கட்டப்போவதாக அறிவித்தார்கள். யார் வேண்டுமானாலும் பிளான் கொடுக்கலாம். அக்கா கொடுத்தார். பெரிய பெரிய ஆபீஸ்களெல்லாம் கொடுத்திருந்ததில் மூன்றே மூன்றைப் பொறுக்கினார்கள், அதில் அக்காவுடையதும் ஒன்று. கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா சமையலறையில் நின்று அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். இருபது வருஷமாக மாட்டுக்கொட்டகையிலிருந்து மாடிப்படி வரைக்கும் வரைந்துகொடுத்த கை. அவர் பெயர் போட்டு ஒரு கட்டடம் எங்கேயும் இல்லை.

ஆனால் கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. ஆறு த்ரீ டி படங்கள் வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி, மாலை ஐந்து மணிக்குள்.

அக்கா அன்றைக்கே புருஷனை உட்கார வைத்தார்.

"என்னங்க, இந்தத் தடவை பொறுங்கன்னு சொன்னீங்கன்னா, பெரியவரைத் தூக்கி உங்க தலையிலதான் போடுவேன்."

"சேச்சே, நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றார் அவர். சொன்னபடியே மறுநாள் கடைக்குப் போனார். வருகிற வியாழக்கிழமை வந்துவிடும் என்று ஆர்டரும் கொடுத்தார். கடைக்காரருக்குக் கண்ணீர் வராத குறை.

இதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் இதற்கு நான்கு மாதம் முன்னால் நம்மவர் ஒரு வேலை செய்து வைத்திருந்தார்.

'வரப்போகுது' குழுவில் அப்போது ஒரே பேச்சு: அடுத்து வருவது சாப்பாட்டு டப்பா அளவுக்குத்தான் இருக்குமாம், மூலையெல்லாம் உருண்டையாம், மேலே வரிசையாக ஓட்டைகளாம். அவ்வளவு சின்னது மனைவியின் மேசை மூலையில் உட்காருமா என்று பார்த்துவிட வேண்டுமே! மிச்சமிருந்த பல் மாவைக் குழைத்தார், அச்சு ஊற்றினார், மூலைகளை ராவினார், ஓட்டை போட்டார், கறுப்புச் சாயம் பூசினார், பல்லுக்குப் போடுகிற மெருகைப் போட்டுப் பளபளவென்று தேய்த்து எடுத்தார். அசல் தோற்றது போங்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய மச்சான், அதாவது அக்காவின் தம்பி, டெலிவரி வேன் ஓட்டுகிறவர், லேபுக்கு வந்தார்.

"மாமா, இது என்ன?"

"வரப்போற கம்ப்யூட்டர், மச்சான். இப்படித்தான் இருக்கும், எழுதி வெச்சுக்க."

மச்சான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டார். வேன் டிரைவர்கள் குழுவில் போட்டுவிட்டார். இவர் அதைக் கவனிக்கவே இல்லை. மாதிரியை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசை மூலையில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. அக்கா அதையே ஒரு மேடையாக்கி, இரண்டு பிளானைச் சுருட்டி அதன்மேல் வைத்துக்கொண்டார்.

ஆர்டர் கொடுத்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், 'வரப்போகுது' குழுவில் குண்டு விழுந்தது. 'ஆலையிலிருந்து கசிந்த படம்!!! புதன் அறிவிப்பு, வெள்ளி கடையில்!' என்று கொட்டை எழுத்து. கீழே ஒரு படம். மங்கலாக, இருட்டடித்து, ஓரமெல்லாம் வெட்டி, சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி காட்டி ஒரு படம்.

நம்மவருக்குக் கரண்டி கையிலிருந்து நழுவியது. சாப்பாட்டு டப்பா அளவு. உருண்டை மூலை. வரிசையாக ஓட்டை. அவர் நான்கு மாதம் முன்னால் சொன்ன மாதிரியே, நூல் பிசகாமல்!

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" என்று பக்கத்து மேசைக்காரரிடம் துள்ளினார். "நான் சொன்னேனா இல்லையா? எங்கேயோ இருக்கிற ஆலைக்காரன் என் மனசுல இருக்கிறதை அப்படியே செஞ்சு வெச்சிருக்கான்!"

பக்கத்து மேசைக்காரர் போனை எட்டிப் பார்த்து, "எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றார் பாவம். அவர் பேச்சை யார் கேட்டார்கள்?

நம்மவர் மனசு கணக்குப் போட்டது. வெள்ளி கடைக்கு வரும். மனைவிக்கு வேண்டியது அதற்கு அடுத்த வெள்ளி. முழுசாக ஏழு நாள் கையில். வியாழன் வரப்போகிற பழைய மாடலை வாங்கி, மறுநாளே புதுசைப் பார்த்து வயிறெரிவதா? ஆயுசுக்கு ஒரு தடவை வாங்குகிறோம், நல்லதாகத்தானே வாங்கிக் கொடுக்க வேண்டும்? அவர் எண்ணமெல்லாம் நல்ல எண்ணம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் லேபுக்குப் பின்னால் போய், குரலைத் தாழ்த்தி, கடைக்காரருக்குப் போன் போட்டாரே, அது நல்லதில்லை என்று அவருக்கே தெரியும். தெரியாமலா குரலைத் தாழ்த்துவார்?

"அந்த ஆர்டரை... கொஞ்சம் நிறுத்தி வைங்க."

மறுமுனையில் கடைக்காரர், "நினைச்சேன்" என்றார்.

புதன்கிழமை ஒரு அறிவிப்பும் வரவில்லை. வியாழக்கிழமை, "எங்கங்க கம்ப்யூட்டர்?" என்றார் அக்கா. "வண்டி வரலையாம்" என்றார் இவர். வெள்ளிக்கிழமை, "வழியில ரிப்பேராம்." சனிக்கிழமை, "டிரைவருக்குக் காய்ச்சலாம்." மச்சானே வேன் டிரைவர் என்பதால் இந்தக் கடைசிப் பொய்யைச் சொல்லும்போதே வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். குழுவில் போய்ப் பார்த்தால், 'சின்னத் தாமதம், திங்கள் நிச்சயம்' என்று ஒருத்தர், 'செவ்வாய் காலை என்று நம்பகமான இடத்தில் சொன்னார்கள்' என்று இன்னொருத்தர். அக்கா பெரியவரிடம் முதல் படத்தைக் கொடுத்துப் பார்த்தார். இரண்டு தடவை முக்கால்வாசியில் கறுத்துவிட்டது. மூன்றாம் தடவை பாதியிலேயே.

செவ்வாய் காலை அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "எனக்கு நம்பர் குடுங்க, கடைக்காரர்ட்ட நானே பேசறேன்."

இனி மழுப்ப முடியாது என்று தெரிந்தது. நம்மவர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். "பொறும்மா. கோபப்படாத. உனக்கு வரப்போறதைப் பார்த்தா நீயே அசந்துடுவ." அன்று காலைதான் குழுவில் யாரோ, 'வெட்டாத முழுப் படம், முதல் முறையாக!' என்று போட்டிருந்தார்கள். போனில் பார்த்தால் அதன் மகிமை தெரியாது என்று, பெரிய திரையில் காட்டுவதற்காகப் பெரியவர் முன்னால் மனைவியை உட்கார வைத்து, தானே படத்தைத் திறந்தார். அந்த நேரம் மச்சானும் அக்காவைப் பார்க்க வந்து பின்னால் நின்றார்.

பெரியவர் படத்தை மேலிருந்து கீழாக, ஒரு விரற்கடை அகலத்துக்கு ஒரு பட்டையாகத்தான் காட்டுவார். முதல் பட்டையில் ஒரு ஜன்னல் கம்பி தெரிந்தது. இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் கம்பி.

"ஆலையில எல்லாம் இப்படித்தான் பாதுகாப்பா இருக்கும்" என்று விளக்கினார் நம்மவர்.

மூன்றாவது பட்டை. நான்காவது. ஓட்டைகள் வந்தன. உருண்டை மூலை வந்தது. அக்கா திரையைப் பார்த்தார், மேசை மூலையில் சுருட்டின பிளானைச் சுமந்துகொண்டிருந்த மாவுப்பெட்டியைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"என்னங்க..."

"ஆமா, ஆமா! நான் செஞ்ச மாதிரியே இருக்குல்ல? அதைத்தாம்மா நான் சொல்ல வர்றேன்!"

ஆறாவது பட்டை. பெட்டியின் அடிப்பக்கம். ஏழாவதில் மேசையில் சிந்தின வெள்ளை மாவு. கடைசிப் பட்டை வருவதற்குப் பெரியவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு குழந்தை பிறந்து நடக்கப் பழகியிருக்கும். அதுவும் வந்தது. உலகத்தில் நானூறு பேரும் அவர்களைச் சேர்ந்தவர்களும் வாயைப் பிளந்து காத்திருந்த அந்த அதிசய இயந்திரத்தின் காலடியில், நான்கு முன்பற்கள் இளித்துக்கொண்டிருந்தன. நடுவில் ஓர் இடுக்கு.

இந்த இடத்தில் தபால்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவர் முன்பல் இடுக்கு வழியாக விசில் அடித்துக்கொண்டேதான் வருவார். நான்கு மாதம் முன்னால் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் நான்கும் போனபோது, புதுப் பல்லிலும் அதே இடுக்கு வேண்டும், இல்லாவிட்டால் பல்லே வேண்டாம் என்று அடம்பிடித்தார். நம்மவர் தலையை உடைத்துக்கொண்டு, தபால்காரரையே லேபில் உட்கார வைத்து விசில் அடிக்கச் சொல்லி, அரை அரை நூலாக ராவி அந்த இடுக்கைக் கொண்டுவந்தார். அந்த மாதிரி இன்னொரு பல்செட் எங்கேயும் கிடையாது. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் தபால்காரர் அதைக் கழற்றிக் காட்டியிருக்கிறார்.

"இது நம்ம தபால்காரர் பல்லு" என்றார் அக்கா.

"அட, நான் எடுத்த போட்டோ!" என்றார் மச்சான், ரொம்பப் பெருமையாக.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மச்சானும் சேர்ந்துகொண்டார். நம்மவர் மட்டும், தான் கட்டின பல் தன்னையே பார்த்துச் சிரிப்பதைப் பார்த்தபடி, காது மடல் சிவக்க நின்றார். நான்கு மாதம் முன்னால் தான் அவிழ்த்துவிட்ட ஊகம் ஊரெல்லாம் சுற்றி, சாயம் பூசி, வட்டம் போட்டு, தன் வீட்டுக்கே ஆதாரமாகத் திரும்பி வந்திருக்கிறது. அதைத் தானே வாசலில் நின்று வரவேற்றிருக்கிறார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு மெதுவாக, "அப்போ நாம ஆர்டர் குடுத்தது?" என்றார்.

அவர் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"என்னங்க, நாம ஆர்டர் குடுத்த கம்ப்யூட்டர் எங்க?"

"நிறுத்திட்டேன்" என்றார் அவர், தரையைப் பார்த்து.

அக்கா கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். பெரியவரைத் தூக்கித் தலையில் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அக்கா சுவிட்சை அணைத்தார், கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தார். "எனக்கு இது ஒண்ணுதாங்க வேணும்னு இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

மச்சான் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "மாமா, வேன் வெளியில நிக்குது" என்றார்.

கடை வாசலில் போய் இறங்கினால் கண்ணாடிக் கதவில் அந்தப் படம்! பெரிசாக அச்சடித்து ஒட்டி, 'விரைவில்!' என்று எழுதியிருந்தது. உள்ளே அலமாரியெல்லாம் காலி.

"ஒண்ணு வேணும். எதுவா இருந்தாலும் பரவாயில்ல, இன்னைக்கே வேணும்" என்றார் நம்மவர், மூச்சிரைக்க.

கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். இந்த நாளுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாரோ. "பொறுங்க" என்றார், ஒவ்வொரு எழுத்தையும் ருசித்து.

"விளையாடாதீங்க அண்ணே."

"நான் எங்க விளையாடினேன்? புதுசு வருது, புதுசு வருதுன்னு ஊரே சொல்லுது, படம்கூட வந்தாச்சு. அப்புறம் பழசை எவன் எடுத்து வெப்பான்? உங்க ஆர்டர் டிரைவிங் ஸ்கூல்காரர்ட்டப் போயிடுச்சு. அவர் இனிமே யார் பேச்சையும் கேக்கறதில்லைனு சத்தியம் பண்ணியிருக்காராம்."

"அந்தப் படம் பொய், அண்ணே. அது நான் மாவுல செஞ்சது."

கடைக்காரர் கதவில் இருந்த படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது ஓடியதை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள். நம்மவர் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்: நூலகம், ஆறு படம், வெள்ளிக்கிழமை ஐந்து மணி, மனைவி கண்ணாடியைக் கழற்றி வைத்தது. சொல்லும்போதே அவர் கண் கடைக்காரரின் மேசைக்குப் போயிற்று. பில் போடுகிற கம்ப்யூட்டர். முகப்பில் பாதி உரிந்த நீல ஸ்டிக்கர்.

"இது..."

"அதேதான்" என்றார் கடைக்காரர். "அன்னைக்கு உங்க வீட்டம்மா கையை வெச்சுப் பார்த்தாங்கள்ல, அதே பொட்டி. நீங்க பொறுங்கன்னு சொன்னது கடை பூரா கேட்டுச்சு, அப்புறம் ஒரு பய அதைத் தொடல. சரின்னு நானே வெச்சுக்கிட்டேன். மூணு வருஷமா ஓடுது, ஒரு தடவை நின்னதில்ல."

நம்மவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரருக்கே மனசு இளகிவிட்டது. எழுந்து வயர்களைக் கழற்ற ஆரம்பித்தார். "எடுத்துட்டுப் போங்க. பில்லைக் கையால எழுதிக்கறேன். ஆனா ஒண்ணு. அடுத்த சரக்கு வந்ததும் ஒரு நாள் முழுக்க என் கடை வாசல்ல நிக்கணும். யார் வந்தாலும் 'வாங்குங்க'ன்னு சொல்லணும். அந்த ஒரு வார்த்தைதான். வேற வாயே திறக்கக்கூடாது."

"நிக்கறேன்" என்றார் அவர்.

வேனில் அதை மடியில் வைத்து, பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் பெரியவரை இறக்கி வைத்துவிட்டு, இதை ஏற்றி வைத்து, வயர் மாட்டி, பிளானையெல்லாம் இதற்கு மாற்றினார். அக்கா வந்து நின்றார். ஸ்டிக்கரைப் பார்த்தார். மிச்சமிருந்த பாதியின் ஓரத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் படத்தைக் கொடுத்தார். பழக்க தோஷத்தில் துணி உலர்த்த எழுந்தார். துணியை அலசிப் பிழிந்து வாளியில் போட்டு வாசல் வரைக்கும் போயிருப்பார், நம்மவர் கூப்பிட்டார்: "ஏம்மா, முடிஞ்சிட்ட மாதிரி இருக்கே?"

முடிந்துதான் இருந்தது. பதினொரு நிமிஷம். திரையில் குழந்தைகள் உட்காரும் கூடம். தாழ்வான அலமாரிகள், படுத்துக்கொண்டே படிக்க ஜன்னல் மேடைகள், கூரையிலிருந்து இறங்கித் தரையில் கட்டம் கட்டமாக விழுகிற வெயில். அக்கா மனசுக்குள் மட்டும் இருந்த இடம். முதல் தடவையாக அதை வெளியே பார்க்கிறார்.

வாளியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பதினொரு நிமிஷம்" என்றார். வாளியின் பிடியைப் பிடித்தபடியே, "அந்த ஆஸ்பத்திரிக்காரங்க வந்தாங்களே, த்ரீ டி கேட்டாங்கன்னு அனுப்பிட்டேன். சரிவுல வீடு கட்டணும்னு ஒரு டீச்சர் வந்தாங்க. நீச்சல் குளத்துக்காரங்க வந்தாங்க. எல்லாரையும் அனுப்பிட்டேன். இந்தப் பதினொரு நிமிஷம் இல்லாமத்தாங்க."

மாவு காய்கிற நேரம் அவருக்குத் தெரியும், மெழுகு உருகுகிற நேரம் தெரியும். தான் பொறு பொறு என்றபோதெல்லாம் உண்மையில் பொறுத்துக்கொண்டிருந்தது யார் என்று மட்டும் இத்தனை நாள் தெரியவில்லை. "தப்புதாம்மா" என்றார். "பெரிய தப்பு."

"தப்புதான்" என்றார் அக்கா. பிறகு ஈர வாளியை அவர் கையில் கொடுத்தார். "நீங்க போய் உலர்த்துங்க. எனக்கு இனிமே நேரம் இருக்காது."

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு ஆறு படமும் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்து ஒரு மாதம் அக்கா நகத்தைக் கடித்தார். அந்த மாதம் பூராவும் நம்மவர் 'பொறு' என்ற வார்த்தையை வீட்டில் உச்சரிக்கவே இல்லை. சொல்ல வேண்டிய இடம் வந்தால் இருமினார். கடைக்காரரின் சரக்கு வந்தது, வாசலில் ஒரு நாள் முழுக்க நின்று 'வாங்குங்க, வாங்குங்க' என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்ட ஸ்டூடியோக்காரர், உலகம் அழியப்போகிறதோ என்று பயந்து இரண்டாக வாங்கிப் போனார்.

அப்புறம் ஒரு காலையில் தெருமுனையில் விசில் கேட்டது.

நூலகத்திலிருந்து பதிவுத் தபால். அக்கா அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். உறையைக் கிழித்து, ஒரு வரி படித்து, காகிதத்தை அப்படியே நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "நம்மளதுதாங்க" என்றார். "நம்மளதுதான் கட்டப்போறாங்க." நம்மவர் தபால்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

தபால்காரர் கையை விடுவித்துக்கொண்டு, இடுக்கு தெரியச் சிரித்தார். "என் பல்லு உலகம் பூரா சுத்தி வந்துச்சாமே சார்? சொல்லியிருந்தா நல்லாத் தேய்ச்சுக் குடுத்திருப்பேனே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கேன். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் எடுக்கலாம்னு பார்க்கறேன். இப்பவே எடுக்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?"

நேற்று சாயங்காலம்தான் 'வரப்போகுது' குழுவில் ஒரு சேதி வந்திருந்தது. அது நம்மவருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தார். அக்கா கடிதத்தை நெஞ்சிலிருந்து எடுக்காமலேயே அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நம்மவர் ஒரு தடவை இருமினார்.

"சைக்கிளைத் திருப்புங்க" என்றார், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே. "கடை திறந்திருக்கும். நானும் வரேன்."